ஏழாவது மாடியில் நிறுத்திய ஆட்டம்

திண்டுக்கல்
9-10-87

அன்பு மகன் முத்துச்சாமிக்கு அப்பா எழுதுவது. பஹ்ரைன் வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதினால் பொய், முன்பல் இரண்டு போய்விட்டது. உன் மனைவி மகேஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு, அவள் அப்பா வீட்டுக்குப் போய் எட்டு நாளாகிறது. வேறு யாராவது கண் காது மூக்கு வைத்து உனக்கு எழுதுமுன் நானே எழுதிவிடுகிறேன்.

நீ பம்பாயில் ஆள் வைத்து வாங்கி அனுப்பிய வீடியோ கேம் மிஷின் நம் பஸ் ஸ்டாண்டு கடையில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு சின்ன மனுஷன் ஏணி ஏணியாக ஏறுவான், மேலே நிற்கிற ராட்சசன் பாறைகளை உருட்டிவிடுவான், அவற்றைத் தாண்டிக் குதித்து ஏழாவது மாடிக்குப் போனால் கூண்டில் ஒரு பெண், அவளை மீட்க வேண்டும். ஆறு மாடிக்கு மேல் ஊரில் ஒருத்தனும் போனதில்லை. உன் மச்சினன் கண்ணுசாமி இதற்கென்றே தினமும் பஸ் ஏறி வருவான். ஆயுத பூஜையன்றும் காலையிலேயே வந்துவிட்டான். ஒன்றரைக்கு ராகுகாலம், அதற்குள் மிஷினை நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைக்க வேண்டும். ஒன்றேகாலுக்கு அவன் ஏழாவது மாடியில் நிற்கிறான். கடை கொள்ளாத கூட்டம், பக்கத்துக் கடை சனாவுல்லாகூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, மாமா செத்த நேரம் பொறுங்க, இன்னும் ஒரு ஏணிதான் மாமா என்று கெஞ்சினான். நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

திரை கறுத்ததும் கண்ணாடியில் விட்டான் ஓர் உதை. நொறுங்கிய கண்ணாடி அவன் கணுக்காலைக் கிழித்தது. ரத்தம் ஒழுகும் அந்தக் காலோடு திரும்பி என் வாயில் குத்தினான். பல் போனது அப்போதுதான். படைப்பதற்குக் கழுவி வைத்திருந்த ஷட்டர் கம்பியை எடுத்து நான் போட்டேன், முதல் அடி தோளில், இரண்டாவது வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதோடு விட்டிருக்கலாம். கீழே தள்ளி மார்பில் ஏறி உட்கார்ந்து முகத்திலேயே குத்தினேன். சனாவுல்லாவும் இன்னும் இரண்டு பேரும் பிடித்து இழுத்தும் முடியவில்லை. பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு குழந்தையோடு வந்த மகேஸ்வரி அதைத்தான் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில்தான் என் கை நின்றது.

கண்ணுசாமிக்குக் கையில் மாவுக்கட்டு, ஒரு கண் வீங்கி இன்னும் திறக்கவில்லை. சம்பந்தி போலீசுக்குப் போகவில்லை, அந்த மட்டும் பெரிய மனுஷன். அம்மா போய்க் கூப்பிட்டதற்கு மகேஸ்வரி, எந்தம்பி நெஞ்சுல உக்காந்து அடிச்ச மனுஷன் இருக்குற வீட்டுக்கு நான் வரமாட்டேன் அத்தை, உங்க மகன் யாரு பக்கம்னு மொதல்ல எழுதட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

அவன் உதைத்தது தப்புத்தான். ஆனால் ராகுகாலத்துக்கு முழுசாகக் கால் மணி நேரம் இருந்தது, முத்து. காலையில் ஆள் வருமுன் நானும் தினம் ஆடிப் பார்ப்பேன், மூன்றாவது மாடியைத் தாண்டியதில்லை. கூட்டம் அவனைப் பார்த்து வாய் பிளந்தது எனக்குப் பொறுக்கவில்லை. இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நீ லீவு போட்டு ஓடி வராதே. மகேஸ்வரிக்கு வத்தலக்குண்டு விலாசத்துக்குக் காகிதம் போடு. அதில் என்னைத் திட்டு. அப்பா என்று பார்த்து மழுப்பினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். வாயில் வந்ததையெல்லாம் எழுது, கண்ணுசாமிக்கும் படித்துக் காட்டட்டும். பிறந்ததிலிருந்து நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, இந்த ஒரு தடவை பேசு.

தாடிக்கொம்புப் பெருமாள் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும். மறக்காமல் இந்த வாரமே காகிதத்தைப் போடு. பேரன் வத்தலக்குண்டில் நடக்கத் தொடங்கிவிட்டானாம். நான் பார்க்கவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
ரங்கசாமி