நாலு விரல் உயரம்

என் மகாராணிக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? வெல்டிங் பொறி தெறித்து என் கட்டைவிரல் லேசாகப் பொசுங்கியது, பயப்படாதே, ஆறிவிட்டது.

பழைய இரும்பில் இப்போது ஒரு சிறுமியைச் செய்கிறேன். கரண்டிகள்தான் காது, சைக்கிள் சங்கிலிதான் இரட்டைப் பின்னல். முதலாளி உற்றுப் பார்த்தார். "போன வருஷம் ஒரு பொண்ணு செஞ்சியே, அதே முகம். இவ அவளைவிட நாலு விரல் உசரமா இருக்காளே?"

"புள்ளைங்கன்னா வளராதா சார்?" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். நம் பாப்பா இறந்து இரண்டு வருஷமாகிறது என்று அவரிடம் நான் சொன்னதில்லை.

வாய்க்கு எதை வைத்தாலும் பொருந்தவில்லை. அவளுடைய சைக்கிள் பெல்லைக் கழற்றி அனுப்பு. துரு இருந்தால் இருக்கட்டும், தேய்த்துவிடாதே. அதில் அவள் விரல் பட்டிருக்கிறது.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

பாப்பாவின் அப்பா