நைனாவின் விரலில் கட்டிய நூல்

நகரி,
12.5.2025

அன்புள்ள தம்பி சாய்குமாருக்கு அக்கா காஞ்சனா எழுதுவது. அந்த டெக்சாஸில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் நம்மைப் பெற்ற நைனாவும் நீ விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறோம். அவர் கட்டிலில், நான் தறியில்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நைனாவுக்குக் கேட்கும். பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து காது மட்டும் அவருக்கு இரட்டிப்பாகிவிட்டது. வாசலுக்குப் போய்ப் பேசலாம் என்றால் நூல் எட்டாது. மெசேஜில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

நூல் என்றேனே, அதை இதுவரை உனக்குச் சொன்னதில்லை. நைனாவுக்கு வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. இடது கையிலும் சுட்டுவிரல் ஒன்றுதான் சொன்னபடி கேட்கிறது. இரண்டு பவர்லூம் ஓடுகிற வீட்டில் அவர் முனகுவது எனக்கு எங்கே கேட்கும்? மணி வைத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. அப்போதுதான் நீ ஞாயிறு காலையில் ஏரிக்கரையிலிருந்து கூப்பிட்டு நைனாவிடம் சொல்லும் மீன் கதைகள் நினைவுக்கு வந்தன. தூண்டிலில் ரப்பர் புழுவை மாட்டிப் போட்டால் பாஸ் மீன் கவ்வுவதே தெரியவில்லை, தெரிந்து இழுப்பதற்குள் துப்பிவிட்டுப் போகிறது என்று எத்தனை வாரம் புலம்பினாய்! நைனாவின் விரலில் தூண்டில் நரம்பைக் கட்டி, நிலைப்படி ஆணிமேல் போட்டு, மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். ஒரு இழுப்பு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை, மூன்று என்றால் வா.

முதலில் நானும் உன்னைப் போலவே கோட்டை விட்டேன். நைலான் நீண்டு கொடுத்துவிடும். அவர் இழுப்பது எனக்கு வந்து சேராது. ஒருநாள் மூன்று இழுப்பையும் தறியின் அதிர்வு என்று நினைத்துவிட்டேன். தற்செயலாகப் போய்ப் பார்த்தால் சளி அடைத்துக் கண் செருகிக் கிடக்கிறார். பக்கத்து வீட்டுச் சந்திரம்மா அக்கா வந்து ஒருக்களித்துப் போட்டு முதுகில் தட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. இதையும் உன்னிடம் மறைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ, பின்னல் நூலுக்கு மாறிவிட்டேன், அது நீளாது, மீன் மூச்சுவிட்டாலும் விரலுக்குத் தெரிகிறது என்றாய். அன்றைக்கே தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை எடுத்து மூன்று புரியாகப் பின்னிக் கட்டினேன். அதன் பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை. உன் ஊர் மீன்களுக்குப் புண்ணியம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரேணிகுண்டாவில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் இருபதாம் தேதி சேர வேண்டும். முப்பத்தைந்து வயது வரைதான் எடுப்பார்கள். எனக்கு ஆடியில் அது முடிகிறது. விடியலில் ரயிலேறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்ப முடியும். மூன்று மாதப் பயிற்சி முடிந்தால் அங்கேயே வீடு தருவார்களாம், நைனாவை அழைத்துக்கொண்டு போய்விடலாம். அந்த மூன்று மாதத்துக்குத்தான் வழி தெரியவில்லை. சந்திரம்மா அக்கா ஒரு மணி நேரம் உட்காருவாள், நாள் முழுக்க எப்படிக் கேட்பது? முடியாது என்று பதில் போட இருந்தேன். ஆனால் நான் அவளிடம் வேலையைப் பற்றிச் சொன்னது நைனா காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் நூல் தளர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுருக்கு விரலிலிருந்து நழுவிக் கிடந்தது. மறுபடி மாட்டினேன். சாயங்காலமும் அப்படியே, அடுத்த நாளும் அப்படியே. தைலம் தேய்த்த பிசுக்கு என்று விரலைத் துடைத்துவிட்டேன், மடச்சி. அப்புறம்தான் நீ சொன்னது உறைத்தது. எல்லா மீனும் சுண்டாது, சிலது கவ்வினால் நூல் சும்மா தளரும், மீன் போய்விட்டது என்று நினைக்காதே, கவ்விக்கொண்டு நம் பக்கம்தான் நீந்தி வருகிறது. வெடுக்கென்று இழுக்காமல் முதலில் தொய்வைச் சுற்றி எடு என்றாயே. ரப்பர் புழு மெத்தென்று இருப்பதால் மீன் அதை இரண்டு நொடி கூடுதலாக வாயில் வைத்திருக்கும், அவ்வளவுதான் அவகாசம் என்றும் சொன்னாய்.

தறியை நிறுத்தினேன். சுருக்கை மாட்டி, நூலை மெல்ல இறுக்கிப் பிடித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீயேதான் கழட்டிக்கினு இருந்தியா நைனா என்று கேட்டேன். ஒரு இழுப்பு. கட்டில் சட்டத்தில் தேய்த்துத் தேய்த்துக் கழற்றியிருக்கிறார், தோல் உரிந்திருந்தது. நான் வேலைக்குப் போவணுமா என்றேன். ஒரு இழுப்பு, பலமாக. அப்போ உன்னை யாரு பாத்துக்குவாங்க என்றேன். நூல் அசையவே இல்லை. தம்பியைக் கூப்பிடட்டுமா என்றேன். இழுப்பு உடனே வந்தது. அது ஆமாம்தான். வெகுநேரம் கழித்து இன்னொன்று இழுத்து அதை இல்லை என்று ஆக்கினார்.

அந்த இரண்டாவது இழுப்பை நான் கணக்கில் எடுக்கவில்லை, தம்பி. அந்த மூன்று மாதம் நீ வந்து அவர் பக்கத்தில் இரு. அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற உன் விசா பயம் தெரியாமல் எழுதவில்லை. ஆறு வருடமாக நீயும் அங்கே கட்டுண்டுதான் கிடக்கிறாய். ஆனால் எனக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது. நைனா மேல் உயிரையே வைத்திருக்கிறேன், அப்படியும் முட்டுகிறது. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

இந்த உறைக்குள் அதே பின்னலில் ஒரு முழம் வைத்திருக்கிறேன். உன் மணிக்கட்டு அளவு எனக்கு மறந்துவிட்டது. காணிப்பாக்கம் பிள்ளையார் உனக்கு ஒரு வழி விடட்டும்.

நாலு ஞாயிறாக நீ கூப்பிடவில்லை. நைனா போன் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். தம்பி உங்களை விட்டுவிட்டான் என்கிறாள் சந்திரம்மா அக்கா. அவளுக்கு என்ன தெரியும்? நூல் தளர்ந்தால் என்ன அர்த்தம் என்று நீ எங்களுக்குத்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும் அக்கா
காஞ்சனா