பின்னறைப் பிள்ளைகள் ஏழு

9.4.68 செவ்வாய்

கணக்குப் பரீட்சை சுமார். கடைசிக் கணக்கில் பாதியில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் பாஞ்சாலை என் பின்னலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "என்னாடி எண்ணெ தேய்க்கிற அம்சா? பச்சத் தழையாட்டம் நெடி அடிக்குது." மூலிகைத் தைலம் என்றேன். பெரியம்மா சொல்லிக் கொடுத்திருந்த பதில். சொல்லிவிட்டுப் பின்னலை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

இனிமேல் தலைக்குத் துணி கட்டிக்கொண்டுதான் பின்னறைக்குள் போக வேண்டும்.

11.4.68

எழுதுவதே ஆபத்து. எழுதாவிட்டால் தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பெரியப்பா இந்த ஊர் மதுவிலக்குப் பிரச்சாரக் குழுவின் செயலாளர். என் கையெழுத்து நன்றாக இருப்பதால் அவருடைய பிரசங்கங்களை நான்தான் படியெடுப்பேன். தை மாதப் பிரசங்கத்தில் "கள், சாராயம், கஞ்சா, அபின் என்னும் நான்கு அரக்கர்கள்" என்று ஒரு வரி. கஞ்சா என்றால் எப்படி இருக்கும் பெரியம்மா என்று கேட்டேன். பெரியம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே கரண்டியைப் பின்னறைப் பக்கம் ஒரு தரம் நீட்டினாள். அவ்வளவுதான். குழம்பு இரண்டு சொட்டு தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னறையில் ஏழு ஜாடி. ஏழிலும் ஒவ்வொரு செடி. கூரையில் நான்கு கண்ணாடி ஓடு, அதன் வழியாக வெயில். வெள்ளிக்கிழமை தோறும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருவர் துணிப்பையோடு வருவார். அவரைக் கேட்டால் மருந்து என்பார். பெரியப்பா அந்தப் பெயரையும் சொல்வதில்லை. "புள்ளைங்க" என்பார். "புள்ளைங்களுக்குத் தண்ணி வெச்சியா?" வாசலில் ஆள் இருந்தாலும் கூசாமல் கேட்பார். என்னைத்தான் சொல்கிறார் என்று தெருவில் நினைத்துக்கொள்வார்கள். ஒருத்திக்கு எதற்குப் பன்மை என்று யாரும் கேட்டதில்லை. செயலாளரிடம் யார் இலக்கணம் கேட்பது?

நான் கேட்க முடியாது. சேத்தியாத்தோப்பில் அப்பா, என் மாமன் மகன் நடராசனுக்கு என்னைப் பேசி வைத்திருக்கிறார். "பதினொண்ணு முடிக்கட்டும்" என்று பெரியப்பா சொன்ன ஒரு வார்த்தைதான் அதைத் தள்ளிப் போட்டிருக்கிறது. அந்த வார்த்தை போனால் நான் பஸ் ஏற வேண்டியதுதான்.

17.4.68

செடிகள் பூ விட்டுவிட்டன. அதோடு வெயிலும் வந்துவிட்டது. பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாலகிருஷ்ணன் என்பவரின் பீங்கான் பட்டறை. சூளை எங்கள் சுவரை ஒட்டியே இருக்கிறது. பத்து நாளைக்கு ஒருமுறை பியூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் அடுக்கி மூன்று நாள் எரிப்பார்கள். அந்த மூன்று நாளும் சுவரில் கை வைக்க முடியாது.

இலைகளின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, பிச்சை கேட்கிற உள்ளங்கை போல ஆகிவிட்டது. பூக்களின் நுனி காய்கிறது. பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. விடியலில் தண்ணீர், உச்சிவேளையில் ஜன்னலுக்கு நனைத்த கோணி, ஜாடிக்கடியில் செங்கல், கண்ணாடி ஓட்டின் மேல் தென்னங்கீற்று. பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை விசிறுவது நான்.

25ஆம் தேதி பூகோளப் பரீட்சை. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் விசிறி. தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா ஓடி வந்து தாங்கிப் பிடித்தார் — விசிறியை.

"எழுந்திரிடி, புள்ளைங்க வாடுதுங்க."

பெரியம்மா எனக்கு மோர் கொண்டுவந்தாள். "என் வயித்துல பொறக்காததெல்லாம் ஜாடியில பொறந்திருக்குது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

26.4.68

பரீட்சை முடிந்தது. பாஞ்சாலை அவள் அத்தை ஊருக்குப் போகிறாள். நான் பின்னறைக்குப் போகிறேன்.

4.5.68 சனி

கத்திரி தொடக்கம். சூளையும் இன்றுதான் பற்ற வைத்தார்கள். ஒரு செடியின் நுனிப்பூ பொடியாகக் கையில் உதிர்ந்தது. பெரியப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவருடைய கடைசித் தம்பி இறந்த அன்றுகூட இப்படி நின்று நான் பார்க்கவில்லை.

6.5.68

பெரியப்பா போராடப் போகிறாராம்!

"எத்தன நாளைக்குத்தான் இந்தத் தெரு சனங்க வேகுறது? மனு போடுறேன். எழுது" என்றார்.

பக்கத்து வீட்டு மாரியம்மாளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அவள் வீடும் அந்தச் சுவரை ஒட்டியதுதான். போன வருஷம் தன் பிள்ளையின் முதுகெல்லாம் வேனற்கட்டி என்று தூக்கிக்கொண்டு வந்து இவரிடம் காட்டினாள். "ஊர்ல தொழில் வளரணும்னா நாம கொஞ்சம் தாங்கிக்கணும்மா" என்று சொல்லி அனுப்பினார். இப்போது அவளே வாசலில் நின்று, "அய்யா மனசு ஒரு வருசம் கழிச்சாச்சும் எளகுச்சே" என்கிறாள்.

மனுவை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இத்தனை பிரசங்கம் படியெடுத்திருக்கிறேன், ஒன்றில்கூட அவர் இப்படிப் பேசியதில்லை. குரல் தழுதழுத்தது. "எங்கள் வீட்டுப் பின்னறையில் வளரும் ஏழு பிள்ளைகள் உச்சிவேளையில் தலை தொங்கி, ஓரம் சுருண்டு, நிறம் வெளுத்து, மாலை ஆறு மணிக்கு மேல்தான் நிமிர்கின்றனர். இது அவர்கள் பூத்துக் குலுங்க வேண்டிய பருவம்."

"பெரியப்பா... ஏழு பிள்ளைகள்னா..."

"எழுதுடீ!"

எழுதினேன். நாற்பத்திரண்டு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் படித்துப் பார்க்கவில்லை. நான் படித்தேன். படித்தும் சொல்லவில்லை. இதில் யார் குற்றம் பெரிது?

10.5.68

மனு தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டது. பெரியப்பாவுக்குத் தெருவில் மாலை போட்டார்கள். சாமந்தி மாலை. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிப் பின்னறையில் ஆணியில் மாட்டிவிட்டு, காய்ந்துபோன கோணியை நனைத்தார்.

18.5.68 சனி

தபாலில் பதில் வந்தது. நான்தான் வாங்கிப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது.

"மேற்படி மனுவில் கண்ட பின்னறையையும், பாதிக்கப்பட்ட ஏழு பிள்ளைகளையும் சுகாதார இன்ஸ்பெக்டர் 21ஆம் தேதி நேரில் பார்வையிடுவார்."

பெரியப்பா மூன்று தரம் படிக்கச் சொன்னார். மூன்றாம் தரம்தான் அவருக்குப் புரிந்தது. "எந்த ஏழு புள்ளைங்க? நான் எங்கடீ புள்ளைங்கன்னு சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க பெரியப்பா. நான் கேட்டேன்."

"எழுதுனது யாரு? கையெழுத்து யாரோடது? ஏதாச்சும் ஆச்சுன்னா, பைத்தியக்காரப் பொண்ணு எழுதிட்டான்னு சொல்லி அன்னிக்கே உன்ன பஸ்ஸேத்திடுவேன்."

ஆச்சு. போலீஸ் வந்தாலும் சேத்தியாத்தோப்பு, வராவிட்டாலும் சேத்தியாத்தோப்பு. பதினோராம் வகுப்புப் புத்தகத்தைப் பாஞ்சாலையின் அக்காவிடம் வாங்கி அட்டை போட்டு வைத்திருந்தேன். எதற்கு அவ்வளவு அவசரம்?

20.5.68

திட்டம் இது. பட்டறையில் சூளை எரிக்கிற ஜெயராஜ் பெரியப்பாவுக்குக் கட்டுப்பட்டவர். அவருக்கும் மருந்து தேவைப்படுகிறது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எந்த முதலாளியும் சூளையைப் பற்ற வைக்க மாட்டான், நல்ல பிள்ளையாக ஆறப் போட்டு வைத்திருப்பான் என்பது பெரியப்பாவின் கணக்கு. அதனால் விடிவதற்குள் ஏழு ஜாடியும் கொல்லைச் சுவர் தாண்டி, காலிச் சூளைக்குள் போய்விட வேண்டும். செங்கல் அடுக்கி வாசலை மூடிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

"இந்த வூர்லயே இப்ப குளுகுளுன்னு இருக்கிற எடம் ஆறிப்போன சூளதாண்டி" என்று என்னிடமே பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஏழு பிள்ளைகளைப் பிடிப்பது என் வேலை. மாரியம்மாளின் மூன்று, தெருவில் இன்னும் நான்கு. பொரிகடலை தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

21.5.68 செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன். விடிவதற்குள் ஏழு ஜாடியும் சூளைக்குள் போய்விட்டன.

இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்கு வந்தார். ஒல்லியான ஆள், தோலுறையில் ஒரு வெப்பமானி. பெயர் கோவிந்தராசு. பின்னறையில் ஏழு பிள்ளைகளும் சுவர் ஓரமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாய் நிறையப் பொரிகடலை.

மனுவை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டார். "தலை தொங்குது, சரி. ஓரம் சுருளுதுன்னு இருக்குதே. புள்ளைங்களுக்கு ஓரம் எதுங்க?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். "காதுங்கய்யா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே குனிந்து ஒவ்வொரு பிள்ளையின் காதையும் பார்த்தார்! பிறகு மாரியம்மாளின் சின்னவன் சட்டையைத் தூக்கினார். முதுகெல்லாம் கட்டி, இரண்டு உடைந்திருந்தன. அப்புறம் அவர் சிரிக்கவில்லை. மற்ற பிள்ளைகளின் சட்டையையும் தூக்கிப் பார்த்தார். நாங்கள் பொய்யாகக் கூட்டி வைத்த பிள்ளைகள்தான், கட்டிகள் மட்டும் பொய்யில்லை.

"இந்த ஏழும் உங்க புள்ளைங்களா?"

பெரியப்பா கதவுப் பக்கம் திரும்பினார். பெரியம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். என் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "தெருப் புள்ளைங்கய்யா. தெனமும் இங்க படிக்க வர்றாங்க. நான் சொல்லித் தர்றேன். பெரியப்பா எடம் குடுத்திருக்காரு."

அவர் எழுதிக்கொண்டார். நான் சொன்ன பொய்யை அரசாங்கம் பேனாவால் எழுதிக்கொண்டது.

பிறகு வெப்பமானியைச் சுவரில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "சூள எரியலியே? எரியாம எப்படிச் சூட்ட அளக்குறது?" கொல்லைக்குப் போய், சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். "யாருப்பா அங்க? பத்த வை."

ஜெயராஜ் முகம் சுவருக்கு மேலே வந்தது. அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, பெரியப்பாவைப் பார்த்தார். "அய்யா... இன்னிக்கு வேணாங்கய்யா. உள்ள... உள்ள சரக்கு காயலைங்க."

"மனு போட்டவரே நிக்கிறாரு. நீங்களே சொல்லுங்க சார், பத்த வைக்கச் சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

தெரு சனம் முழுக்க வாசலில் நின்றது. நாற்பத்திரண்டு கையெழுத்தும் நேரில் வந்து நின்றது போல. பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். இரண்டு தரம்.

"பத்த வை ஜெயராஜ்" என்றார்.

ஜனங்கள் கைதட்டினார்கள்.

மூன்று மணிக்குச் சுவரில் நூற்றெட்டு டிகிரி. இன்ஸ்பெக்டர் சத்தமாகப் படித்ததும் பெரியம்மா பழக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "என்னா வெறகுப்பா, ஒரு தினுசா வாசன அடிக்குது?" என்று அவர் கேட்டார். "முந்திரி வெறகுங்கய்யா" என்றார் ஜெயராஜ். இந்தப் பக்கத்தில் முந்திரி விறகுக்குப் பஞ்சமில்லை. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

22.5.68

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. வெயில் தாக்கிவிட்டது என்று தெருவில் சொல்லியிருக்கிறோம்.

25.5.68

சூளை பிரித்தார்கள். ஏழு ஜாடிகளும் கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தனவாம். முன்பைவிட நன்றாக வெந்து, தட்டினால் மணி போல ஒலிக்கின்றன என்று ஜெயராஜ் சுவருக்கு மேலிருந்து சொன்னார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினாள். அழுகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அழவில்லை.

பெரியப்பா என்னிடம் பேசுவதில்லை. பஸ்ஸில் ஏற்றிவிடுவாரா? பெட்டியைக் கட்டி வைக்கலாமா?

3.6.68

உத்தரவு வந்தது. பட்டறைக்காரர் சுவருக்கும் சூளைக்கும் நடுவில் இன்னொரு செங்கல் சுவர் எழுப்ப வேண்டும். கத்திரியில் சூளை எரிக்கக் கூடாது. கடைசியில் ஒரு வரி: "மனுதாரர் தம் இல்லத்தில் நடத்திவரும் பாலர் கல்விக் கூடம் பாராட்டத்தக்கது. மாதந்தோறும் பார்வையிடப்படும்."

பெரியப்பா இதையும் மூன்று தரம் படிக்கச் சொன்னார். மாதந்தோறும் என்ற சொல் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

14.7.68 ஞாயிறு

அப்பா வந்தார். ஆவணியில் முகூர்த்தம் பார்த்துவிட்டார்களாம். வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்து, "போதும்ண்ணே, அவ படிச்சது. இட்டுக்கினு போறேன்" என்றார். நான் பின்னறையில் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழோடு நிற்காமல் இப்போது பதினொரு பேர். வாய்ப்பாடு பாதியில் நின்றுவிட்டது. எனக்கு ஏழெட்டு எவ்வளவு என்றே மறந்துபோயிற்று.

"எப்பிடிடா இட்டுக்கினு போவ?" என்று பெரியப்பாவின் குரல் கேட்டது. பிரசங்கக் குரல் இல்லை. "மாசா மாசம் இன்ஸ்பெக்டரு வர்றாருடா. வந்து, வாத்தியாரம்மா எங்கன்னு கேக்குறாரு. இவ இல்லன்னா நான் யாரக் காட்டுறது? அப்புறம் அந்த ஆளு மனுவ எடுத்து மறுபடி முதல் வரியிலேருந்து படிப்பாரு. வேணாண்டா மாயவா. அவ பதினொண்ணு முடிக்கட்டும். அதுக்கு மேலயும் படிக்கட்டும்."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனுக்கு இவ்வளவு கல்விப் பற்று எப்போது வந்தது என்று பெரியம்மாவிடம் கேட்டாராம். "வெயிலு காலத்துல வந்துச்சு" என்றாளாம் பெரியம்மா. நான்கு மணி பஸ்ஸுக்கு அப்பா தனியாகத்தான் போனார்.

அப்பாவை ஏற்றிவிட்டு வந்த பெரியப்பா பின்னறை நிலைப்படியில் வந்து நின்றார். அடுத்த வாரக் கூட்டத்துக்கு எழுத வேண்டிய பிரசங்கக் காகிதம் கையில் இருந்தது.

"அம்சா, உள்ள வரலாமாம்மா?"

"வாய்ப்பாடு முடியட்டும் பெரியப்பா" என்றேன்.

சரி என்று நிலைப்படியிலேயே நின்றார். பதினாறாம் வாய்ப்பாடு வரை சொன்னோம்.