தரையில் வரைந்த இதயம்

டீச்சரம்மா,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சூடுபண்ணிச் சாப்பிடு. குழாய் ரிப்பேர்க்காரர் சாயங்காலம் வருவார்.

காலையில் நீ மறந்துபோன அட்டைகளைப் பள்ளியில் கொடுத்தபின் நான் கிளம்பவில்லை. வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். தரை முழுக்க நீ சாக்பீஸில் வரைந்த இதயம். அதற்குள் ஓடும் ரத்தம் பிள்ளைகள். நீ நுரையீரல் மூலையில் நீல அட்டையை வாங்கிக்கொண்டு சிவப்பு அட்டை கொடுத்துக்கொண்டிருந்தாய். வந்த வழியே திரும்பிய ஒருவனை இருவர் கைகோத்து மறித்தார்கள்: "வால்வு மூடியாச்சு, ரிவர்ஸ் கிடையாதுடா!"

அப்போது தலைமையாசிரியர் என் பக்கத்தில் வந்து நின்றது உனக்குத் தெரியாது. "இந்தக் கூத்தை இன்னைக்கே நிறுத்தணும். இடதும் வலதும்கூட மாறிக் கிடக்கு" என்றார். நேற்று உன் நோட்டில் இந்தப் படத்தைப் பார்த்து, இடது வலது மாறியிருக்கு என்று நானும் சொல்லித்தான் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஜன்னலருகே இருந்த வாயாடி ஒருத்தி கோட்டின்மேல் மல்லாந்து படுத்து, படத்தில் 'இடது' என்று நீ எழுதிய பக்கமே இருந்த தன் இடது கையை ஆட்டினாள்: "இப்ப பாருங்க சார், சரியா இருக்கா?" அவர் குனிந்து பார்த்தார். "நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நேற்றைய சண்டையின் மிச்சத்தை நான் வந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

பி.கு.: தலைமையாசிரியர் போகும்போது என்னிடம், "நீங்க யாரு?" என்று கேட்டார். எப்போதும்போல் பத்திரிகைக்காரன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "டீச்சரோட வீட்டுக்காரர் சார்" என்று வந்துவிட்டது.