ஐஸ் வேண்டாத கறி

ராசிங்காபுரம்,
12.01.2025

அன்புள்ள தங்கச்சி தமிழினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் நமக்குள் உடனே சண்டையாகிவிடுகிறது; அதனால் எழுதுகிறேன்.

கம்பெனிக்குக் கோழி வளர்த்துக் கொடுப்பதை விட்டுவிட்டேன். இப்போது சொந்தக் குஞ்சு, சொந்தத் தீவனம். மக்காச்சோளம், சோயாவோடு பூண்டு, மஞ்சள், முருங்கையிலை, மலையிலிருந்து வரும் ஏலக்காய்த் தோல் எல்லாம் அரைத்துக் கலக்கிறேன். "கோழிக்குத் தீவனம் போடுறியா, கொழம்பு வைக்கிறியா?" என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கறி தண்ணீர் விடவில்லை, கவுச்சியும் கம்மி.

போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் ஆட்களுக்கு மெஸ் நடத்தும் கருத்தம்மாள் அக்காவிடம், ஐஸே வேண்டாம், ஒரு நாள் முழுக்கக் கெடாது என்று சொல்லிவிட்டேன். மாசியில் அவர் ஒரு கல்யாணச் சமையல் பிடித்திருக்கிறார். கறி முழுக்க நம்முடையதுதான்.

நாமக்கல் திரும்பும் தீவன லாரியில் கோழிகள் அனுப்பியிருக்கிறேன். காலில் பச்சை நூல் கட்டியவை என் கலவை தின்றவை. மற்றவை சாதாரணத் தீவனம் தின்றவை. உன் ஆய்வகத்தில் பார்த்து, கெடாது என்று எழுதிக் கொடு.

உன் அண்ணன்,
நிலவன்


நாமக்கல்,
27.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் நல்ல சேதி. பிரிட்ஜில் வைத்ததில் உன் கறி மற்றதைவிட இரண்டு நாள் கூடுதலாக நன்றாக இருந்தது. கொழுப்பில் சிக்கு வாடை வரவில்லை. எது எதென்று சொல்லாமல் சமைத்துக் கொடுத்தேன். கூட வேலை பார்ப்பவர்கள் உன்னுடையதைத்தான் மறுபடி கேட்டார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஆனால் வெளியே வைத்ததில் இரண்டும் ஒன்றாகவே கெட்டுப்போயின. நம்பாமல் மறுபடியும் செய்து பார்த்தேன். அப்படித்தான். உன் கலவை கொழுப்பைக் காக்கிறது. வெக்கையில் பெருகும் கிருமியைத் தடுக்கவில்லை. ஐஸ் இல்லாமல் தாங்கும் என்று என்னால் எழுத முடியாது. கருத்தம்மாள் அக்காவிடம் சொல்லிவிடு அண்ணே. கல்யாண வீட்டில் குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

உன் தங்கச்சி,
தமிழினி


ராசிங்காபுரம்,
02.02.2025

தமிழினிக்கு,

கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. மலை மேலே குளிர், ஒன்றும் ஆகாது. எழுதித் தராவிட்டால் போ, வாயைத் திறக்காமலாவது இரு. சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட நீ வர வேண்டாம்.

நிலவன்


நாமக்கல்,
07.02.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மேலே குளிர்தான். ஆனால் நீ கறி வெட்டுவது கீழே. ஜீப்பு வளைவு வளைவாக ஏறி முடிப்பதற்குள் கறியில் கிருமி பெருகிவிடும்.

கருத்தம்மாள் அக்காவுக்கு உண்மையை எழுதி, இந்தக் கடிதத்தோடு சேர்த்தே தபாலில் போடுகிறேன். உனக்குத் தெரியாமல் செய்ய மனமில்லை. மலைக்குத் தபால் போக இன்னும் இரண்டு மூன்று நாள் கூடும். அதற்குள் காலை ஜீப்பில் போய்விடு. அவர் அதை முதலில் உன் வாயால் கேட்கட்டும்.

நீ எவ்வளவு கோபப்பட்டாலும் உன் தங்கச்சிதான்,
தமிழினி


ராசிங்காபுரம்,
17.02.2025

அன்புள்ள தமிழினிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே தோட்ட வேலைக்குப் போகும் ஆட்களோடு ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம் மனதுக்குள் உன்னைத்தான் திட்டினேன்.

சொல்லிவிட்டேன். "கல்யாணத்துல நாலு பேரு வாந்தி எடுத்திருந்தா என்னயத்தானய்யா கட்டி வச்சு அடிச்சிருப்பாக?" என்று கருத்தம்மாள் அக்கா சத்தம் போட்டார். கல்யாணக் கறியை வேறு ஆளிடம் சொல்லிவிட்டார். நான் கெஞ்சவில்லை. "ஞாயித்துக்கெழம மெஸ்ஸுக்கு மட்டும் ஐஸ் பெட்டியில கொண்டாந்து தர்றேன்க்கா, பாருங்க" என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நேற்றுக் கொண்டுபோனேன். ஆட்கள் தின்று முடிக்கும்வரை அடுப்புப் பக்கமே நின்றேன். அப்புறம் அக்கா, நீ அவருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துவந்து காட்டினார்.

"ஒந் தங்கச்சியே ஒன்னைய நம்பல பாரு."

"நம்பப் போயித்தானக்கா, மொதல்ல என்னையப் போயிச் சொல்லச் சொன்னா."

நான் கிளம்பும்போது, அடுத்த ஞாயிறும் கொண்டுவரச் சொன்னார்.

சிவராத்திரிக்கு வந்துவிடு. நான் எழுதியதை மனதில் வைக்காதே.

கலவையை விடப்போவதில்லை. ஏலக்காய்த் தோலைக் குறைத்து, கறிவேப்பிலை சேர்த்துப் புதுக் குஞ்சுகளுக்குப் போடுகிறேன். வளர்ந்ததும் அனுப்புவேன். எந்தக் கோழி எதைத் தின்றது என்று இந்தத் தடவை உனக்கும் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு, வந்ததை வந்தபடி எழுது.

உன் அண்ணன்,
நிலவன்