செத்ததும் ஒட்டும்

மார்ச் 4
இன்று லேபில் என் சிப் சொன்னபடி கேட்டது. கண்ணுக்குத் தெரியாத தூண்கள் நெருக்கமாக நிற்கும் கண்ணாடித் துண்டு. பாக்டீரியா ஒட்டினால், அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறம் சற்றே சிவப்புப் பக்கம் நகரும். இருபதே நிமிடம்! பேராசிரியர், "இனிமே சாக்குச் சொல்லாம கட்டுரைய எழுதும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 10
அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகத்தில் தொற்று, குளிர்காய்ச்சல். சிறுநீர் ரிப்போர்ட் வர இரண்டு நாளாகுமாம். நான் சும்மா இருப்பேனா? சிறுநீரைச் சின்ன பாட்டிலில் வாங்கிவந்து சிப்பில் விட்டேன். நிறம் எகிறியது. மாமாவிடம், அதான் அக்கா வீட்டுக்காரரிடம், சொன்னதும், "டாக்டரை விட எங்க வீட்டுப் பொண்ணு ஸ்பீடு" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டார். சாயங்காலமே ஊசி ஆரம்பித்தார்கள்.

மார்ச் 12
இன்றைய சிறுநீரை வாங்கிவந்து மறுபடி சிப்பில் பார்த்தேன். அன்று நகர்ந்த அதே அளவு. காய்ச்சல் குறைந்திருக்கிறதே? அது காய்ச்சல் மாத்திரையால் இருக்கும். போன் செய்தேன்: "மருந்து வேலை செய்யல மாமா, மாத்தச் சொல்லுங்க."

டாக்டர் ஒருநாள் பொறுக்கச் சொன்னாராம். மாமா சண்டை போட்டு, சாயங்கால ஊசியையே போடவிடவில்லை.

மார்ச் 13
அக்காவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. நடுங்குகிறாளாம்.

10ஆம் தேதி செய்ததுபோல நேற்றும் மிச்சச் சிறுநீரை வளர்ப்புத் தட்டில் பூசி வைத்திருந்தேன். உயிருள்ள பாக்டீரியா புள்ளிபுள்ளியாக வளரும். 10ஆம் தேதித் தட்டில் இடமே இல்லாமல் வளர்ந்திருந்தது. இதில் — நாலே புள்ளி. ஐயோ! மருந்து கொன்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. செத்ததும் சிப்பில் ஒட்டும். இத்தனை மாதம் உயிருள்ளதையே விட்டுப் பார்த்தேனே, செத்ததை ஒருநாளாவது விட்டேனா? மடச்சி, மடச்சி.

"மாமா, தப்பு என்னோடது. அதே ஊசிய உடனே போடச் சொல்லுங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

மாமா போனை வைத்துவிட்டார்.

மார்ச் 14
ஊசி போட்டாயிற்று. காய்ச்சல் இறங்குகிறது.

மார்ச் 17
கொதிக்கவைத்துக் கொன்ற பாக்டீரியாவைச் சிப்பில் விட்டேன். ஜம்மென்று ஒட்டுகிறது. பேராசிரியரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இதையும் எழுதினா கட்டுரைய ஏத்துக்கமாட்டாங்களேம்மா."

"ஏத்துக்கலேன்னா போகட்டும் சார்."

முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.

மார்ச் 20
அக்கா வீடு திரும்பிவிட்டாள். போனேன். "செத்ததுக்கும் உயிரோட இருக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதவளே, என்னை நல்லாத் தொட்டுப் பாத்துக்கோடி!" என்றாள். கட்டிக்கொண்டு அழுதேன்.

மாமா சிரிக்கவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தார். நான் செருப்பைப் போட்டு முடிக்கும்வரை நின்றார்.

"உன்மேல கோவமில்லம்மா. நாளைக்கும் நீ ஒண்ணு சொன்னா நான் நம்பிடுவேன். அதான் பயமா இருக்கு."