உன் இலையில் தோசை இல்லை

என்னைப் பெற்று வளர்த்த அம்மாவுக்கு,

எழுத்துக் கூட்டத் தெரியாதவளுக்கு எதற்கடி கடிதம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நீ இருந்தபோது கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் நான் விழுங்கிவிட்டேன். இப்போது நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான் எழுதுகிறேன்.

நீ போய் இன்றோடு ஒரு வருஷம். சற்று முன்புதான் உன் முதல் படையல் முடிந்தது. கூடத்தில் உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து சோறு, குழம்பு, வடை, பாயசம் எல்லாம் வைத்தோம். நீ உயிரை விடும் வெல்ல தோசை மட்டும் இல்லை. அண்ணன் உன் படத்தின் முன் நின்று என்னென்னவோ முணுமுணுத்துவிட்டுப் போனான். அவன் சொன்னதை நம்பாதே, நடந்ததை நான் சொல்கிறேன்.

இன்றைக்கு உன் பேத்தி தேன்மொழிக்குப் பரீட்சை. எங்கள் காலத்தில் பதினோராம் வகுப்பில் எழுதியதை இப்போது பத்தாம் வகுப்பிலேயே எழுத வைக்கிறார்கள். இப்போது மணி பதினொன்றரை. அவள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

உன் நாளும் அவள் பரீட்சையும் ஒரே நாளில் வந்ததைப் பார்த்தாயா? நீ இருக்கும்போதும் இப்படித்தான். எனக்கு முக்கியமான நாள் எதுவோ அன்றைக்குத்தான் உனக்கும் முக்கியமான வேலை ஒன்று இருக்கும்.

எனக்குப் பத்து வயதில் உனக்குக் காய்ச்சல் வந்ததே, நினைவிருக்கிறதா? பிள்ளையார்பாளையத்தில் நம் வீட்டு வாசலில் பாவு நீட்டிய நாள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காயவைத்து, அறுந்த இழையை முடிந்துகொண்டு ஏழெட்டு ஆண்கள் வெயில் ஏறும் முன்னமே நின்றிருந்தார்கள். வேலை முடிந்ததும் அவர்களுக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. பாவு நாளில் இனிப்புத்தான் போடவேண்டும், உப்புத் தோசை போட்டால் இழை அறும் என்பது உன் சட்டம். நீ எழுந்திருக்க முடியாததால் அன்று நான் ரேஷன் கோதுமை மாவில் வெல்லம் கரைத்துத் தோசை சுட்டேன். அந்தப் பாவில் மூன்று புடவை நெய்து இறங்கியது. கடைசிவரை ஓர் இழை அறவில்லை.

அன்றைக்கு நீ சொன்ன வார்த்தை கைராசி. தெருவெல்லாம் சொன்னாய். "எங்க புள்ளைக்குக் கைராசி இருக்குதுமா. அவ சுட்ட தோசைய தின்னுட்டுப் போட்ட பாவு இரும்பா இருக்குது" என்றாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பத்து வயதுக் கழுதைக்கு வேறென்ன தெரியும்? அதிலிருந்து பாவு நாள் என்றால் நான்தான் அடுப்படியில். பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் மட்டம் என்று நீ எண்ணினாயோ இல்லையோ, டீச்சர் எண்ணினார்.

பதினோராம் வகுப்புப் பரீட்சையின் முதல் நாளிலும் பாவு வந்தது. அப்பா பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள். ஒரு கல்யாணத்துக்கான முகூர்த்தப் புடவை, தள்ளிப்போட முடியாது. ஆனால் அப்பா முந்தின நாளே தெளிவாகச் சொன்னார். "நாளிக்குப் புள்ளைய எழுப்பாத. அது பரிச்சைக்குப் போவட்டும். தோசைய நீ சுடு" என்றார். நீயும் தலையாட்டினாய். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

விடிவதற்கு முன் என்னை எழுப்பினாய். கல்லில் எண்ணெய் தேய்த்துவைத்திருந்தாய். மாவைக்கூட நீயே கரைத்துவிட்டிருந்தாய், சுடுவது மட்டும் என் கையாக இருக்கவேண்டும்.

"அம்மா, பத்து மணிக்குப் பரிச்சைமா."

"பத்துக்குத்தானே? எட்டுக்குள்ள சுட்டு முடிச்சிடுவ. சுடுடீ."

அன்றைக்குக் காற்றே இல்லை. போட்ட கஞ்சி காயவில்லை. எட்டு மணிக்குச் சாப்பிட வரவேண்டியவர்கள் ஒன்பது ஆகியும் தெருவில் நின்றார்கள். முன்னால் சுட்டு அடுக்கியது ஆறிப்போயிற்று என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டு, மறுபடியும் சூடாகச் சுடு என்றாய். தாவணியைச் சரிசெய்துகொண்டு நான் எழுந்தேன். என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாய். அந்த அழுத்தம் இன்னும் என் தோளில் இருக்கிறது, அம்மா. நீ ஒல்லிதான், ஆனால் அன்றைக்கு உனக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு பலம்?

தெருவிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "இன்னா, புள்ள போயிடுச்சா?"

நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய். "எப்பவோ அனுப்பியாச்சு. பாவைத் தாண்டக் கூடாதுன்னு பின்சந்து வழியா போயிடுச்சு."

நீட்டிய பாவைப் பெண்பிள்ளை தாண்டக் கூடாது. அது நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அப்பா நம்பினார். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? "அப்பா, நான் இங்கேதான் இருக்கேன்" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். பதினேழு வருஷமாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னைப் பார்த்துப் பயந்தேனா, அல்லது என் கையை எடுத்தால் இழை அறுந்துவிடும் என்று நானும் நம்பினேனா?

அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நீ பரிமாறினாய். அப்பா இரண்டாவது தோசையைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, "இன்னிக்கு யாரு சுட்டது? புள்ள கைப்பக்குவமாவே இருக்குதே" என்றார். "நான்தான், வேற யாரு?" என்றாய். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அடுத்த கரண்டி மாவை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் என்னை விட்டாய். பின்சந்து வழியாக ஓடினேன். பள்ளிக்கூட வாசல் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் என் கையைப் பார்த்தார். ஹால் டிக்கெட்டில் மாவு ஒட்டியிருந்தது. அரைமணிக்கு மேல் ஆகிவிட்டால் உள்ளே விட அவருக்கு அதிகாரம் இல்லை என்றார், பாவம், மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பி வந்தபோது நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?" என்று கேட்டாய்.

அன்று சாயங்காலம் விஷயம் தெரிந்து அப்பா தறியிலிருந்து எழுந்துவந்தார். உன்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "போனது போச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்தார். செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்று டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். நீ ஆவணியில் எனக்கு முகூர்த்தம் குறித்துவிட்டாய். டீச்சர் ட்ரெயினிங் போகவேண்டும் என்று நான் சொன்னது உனக்குத் தமாஷாக இருந்தது.

உனக்கு ஒன்று தெரியுமா? அந்தப் பாவு தறியில் ஏறியதிலிருந்து நான் தினமும் போய்ப் பார்ப்பேன். அறுந்துபோ, அறுந்துபோ என்று மனசுக்குள் சபிப்பேன். ஒரே ஓர் இழை அறவில்லை. புடவை இறங்கிய அன்று நீ தெருவில் மறுபடியும் என் கைராசியைப் பேசினாய்.

இதற்கெல்லாம் நான் பழிவாங்கவில்லை என்று நினைக்காதே. அப்பாவும் போய், உனக்குப் பக்கவாதம் வந்து, உன் மருமகள் உன்னைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று கையை விரித்த பிறகு, சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டுக்குத்தானே வந்து கிடந்தாய்? பதினொரு மாதம். குளிப்பாட்டினேன், துணி மாற்றினேன், ஊர் மெச்சியது. நீ கோணிய வாயால், "ஒரே ஒரு வெல்ல தோசை சுட்டுக் குடும்மா" என்று கேட்கும்போதெல்லாம், "டாக்டர் கூடாதுன்னுட்டாருமா" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. கஞ்சியை ஊட்டிக்கொண்டே உன் கண்ணைப் பார்ப்பேன். உனக்குத் தெரிந்திருந்தது, இல்லையா? ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாய். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அதை இங்கே மறைக்கப்போவதில்லை.

நேற்று சாயங்காலம் அண்ணன் ஒரு பொட்டலம் வெல்லத்தோடு வந்தான். "உசுரு போன எடத்துலதான் மொதல் படையல்" என்று செலவை என் வீட்டுப் பக்கம் தள்ளியவன் அவன்தான். இப்போது இன்னொன்றும் சொன்னான்.

"நாளிக்குத் தேன்மொழிய ரெண்டு தோசை சுடச் சொல்லு. கன்னிப்பொண்ணு கையால படைச்சாத்தான் அம்மாவுக்குச் சேரும். உன் கைராசி அவளுக்கும் இருக்குதுபா."

"அவளுக்குப் பரிச்சை."

"ரெண்டே ரெண்டு தோசைதானே? பத்து நிமிசம்."

என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்துகொண்டார். செத்தவங்க மனசு குளிரணும், கோவிச்சிக்காத என்றார். நான் கத்தினேன் அம்மா, தெரு திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். என் பெண் அடுப்புப் பக்கம் போனால் கல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடுவேன் என்றேன். தேன்மொழி புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏன் கத்துகிறேன் என்று அவளுக்கு நான் சொன்னதே இல்லை. இந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை எழுந்து கூடத்துக்கு வந்தேன். அவள் குளித்து, தாவணி கட்டி, தலை பின்னி, பரீட்சைக்குத் தயாராக நின்றாள். மணி ஆறுகூட ஆகவில்லை. உன் படத்துக்கு முன்னால் ஒரு தட்டு. தட்டில் நாலு வெல்ல தோசை. ஒன்றுகூடப் பிய்யவில்லை, ஓரமெல்லாம் சிவந்து அவ்வளவு அழகாக வந்திருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரைக் கேட்டுடீ சுட்ட?"

"யாரும் சொல்லலமா. நானாத்தான் சுட்டேன். ஆயா என்கிட்ட எத்தினி தபா கேட்டுச்சு தெரியுமா? டாக்டர் வேணாம்னாருன்னு நானும் குடுக்கல. இப்பவாவது…"

நான் தட்டைப் பிடுங்கி வாசலுக்குப் போய்த் தெருவில் வீசினேன். தட்டு உருண்டு எதிர்வீட்டுப் படியில் மோதிய சத்தத்தில் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். திரும்பிவந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். சோம்பேறி நாயே, படிக்கிற நேரத்தில் உனக்கு எதற்கடி அடுப்பு என்றேன். அவள் படித்து முடித்திருந்தாள். அவளுக்கு நேரமும் இருந்தது. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. பிரியத்தோடு சுட்டிருந்தாள்.

அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் பரவாயில்லை. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், எட்டு மணிக்கெல்லாம் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் கண்ணைத் துடைக்கத் தாவணியைத் தூக்கியபோது பார்த்தேன், அந்தத் தோளில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அண்ணன் வந்தான், சூடம் ஏற்றினான், காக்கைக்கு வைத்தான், மூன்று வடை தின்றான். தோசை எங்கே என்று கேட்டான். நான் பாயசத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

இப்போது எனக்கு இருக்கும் ஒரே கவலை அந்தக் கணக்குப் பரீட்சை. நீ என்னைப் போகவிடாமல் பிடித்துவைத்தாய். நான் இவளை நேரத்துக்கு அனுப்பினேன், ஆனால் எப்படி அனுப்பினேன்? அழுத கண்ணோடு, வெறும் வயிற்றோடு. அவளுக்கு ஒரு கணக்குத் தப்பினால் அதை எந்தப் பாவின் மேல், எந்தப் பஞ்சாங்கத்தின் மேல் போடுவேன்? உன் மேல் போடலாம் என்று இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். முடியவில்லை, அம்மா. உன்னிடம் வாங்கியதை அவளிடம் கொடுத்தது நான்தான்.

ஒரு மணிக்குப் பரீட்சை விடும். நான் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கப்போகிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்பேன். எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது, நம் வீட்டில் பெரியவர்கள் சின்னவர்களிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. பிறகு பதினொரு மாதம் டாக்டர் பெயரைச் சொன்னது பொய் என்பதையும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவள் இஷ்டம். உன்னை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் வயிற்றில் பிறந்து, இன்று காலை நீயாகவே ஆகிவிட்ட உன் மகள்,
சரோஜா